முன்பணத்துக்கு முன் மூலப்பத்திரம்

கேள்வி: ஐயா, மார்த்தாண்டம் அருகே பத்து சென்ட் நிலத்துடன் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்துள்ளது. மூன்று தரகர்கள் அதே வீட்டைத்தான் காட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர், இன்றே ஐம்பதாயிரம் ரூபாய் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வீடு கைமாறிவிடும் என்கிறார். யாரை நம்புவது? அரசிடம் பதிவு பெற்ற தரகர் என்றால் போதுமா?
- வாசகி, தக்கலை

பதில்: உரிமையாளர் எவரிடமும் எழுத்து மூலம் பொறுப்பை ஒப்படைக்காமல் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைப்பதால், ஒரே வீட்டை மூவர் காட்டுவது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வழக்கமானதுதான். ஆகவே மூவரிடமும், உரிமையாளரை நேரில் சந்திக்க ஏற்பாடு செய்யும்படி கேளுங்கள். பதிவு நாள் வரை உரிமையாளரைக் கண்ணில் காட்டாமல் விலையைத் தாமே பேசி முடிக்க விரும்புகிறவர், பெரும்பாலும் இடையில் தமக்கென ஒரு மேல்விலை வைத்திருப்பார், அவரை விட்டுவிடலாம்.

பதிவு பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதன்கீழ்ப் பதிவு செய்ய வேண்டிய அடுக்குமாடி மற்றும் மனைப்பிரிவுத் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் முகவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. நாகர்கோவிலில் புதிய அடுக்குமாடி வீடு வாங்குபவர் முகவரின் பதிவு எண்ணையும் திட்டத்தின் பதிவு எண்ணையும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். தனியொருவர் விற்கும் உங்கள் பழைய வீட்டுக்கு அந்த எண் உத்தரவாதம் ஆகாது.

எனவே தரகரை வேறு விதமாகத்தான் எடைபோட வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, கடைசி வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை முன்பணம் பேசுவதற்கு முன்பே கேளுங்கள். தொழில் தெரிந்தவர் முகம் சுளிக்காமல் கொண்டுவருவார். வில்லங்கச் சான்றிதழை அவர் கையால் வாங்காமல், பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுங்கள். அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் தெரியாது. அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்: அசல் எங்கோ அடமானத்தில் இருக்கும்போது நகல் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

தென்னந்தோப்புக்குள் அமைந்த வீடென்றால், சாலையிலிருந்து வாசல் வரை உள்ள வழி பத்திரத்தில் எழுதப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். அண்ணன் தம்பி உறவில் இதுவரை நடந்துவந்த பாதையை, வீடு அந்நியர் கைக்குப் போனதும் வேலி போட்டு அடைத்துவிடுவார்கள்.

ஐம்பதாயிரத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். அசையாச் சொத்து விற்பனைக்காக இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாக உரிமையாளர் கணக்கிலேயே செலுத்தி, கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். தரகரின் கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதை முதல் நாளே எழுதிக்கொண்டு, பத்திரப்பதிவு முடிந்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்கவிருக்கும் வீட்டின் மூலப்பத்திரம் மலையாளத்தில் உள்ளது. விற்பவர் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் மூத்த மகன். சகோதரிகளுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று, அவர்கள் கையெழுத்து தேவையில்லை என்கிறார்.
- வாசகர், குழித்துறை

பதில்: 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணையும் வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததால், மலையாளப் பத்திரம் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதில் கொல்லம் ஆண்டு 1100 என்றிருந்தால் அது கி.பி. 1924-25. மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஆவண எழுத்தரிடம் கொடுத்து எல்லைகளைத் தமிழில் எழுதி வாங்கி, பழைய சர்வே எண்ணும் இன்றைய பட்டாவில் உள்ள எண்ணும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றனவா என்று பாருங்கள்.

சீதனப் பேச்சைத்தான் ஏற்க முடியாது. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மட்டும் என்றது 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம். 1951 ஏப்ரல் 1 முதலே அங்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தின்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆகவே தந்தை உயில் எழுதியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் சகோதரிகள் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்திட வேண்டும், அல்லது தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரியின் பவர் பத்திரம் வரக் காத்திருப்பது சலிப்புதான். ஆனால் பின்னாளில் பங்கு கேட்டு வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் நிற்கப்போவது நீங்கள்.

கேள்வி: செலவைக் குறைக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதலாம் என்கிறார் தரகர். சரியா?
- வாசகர், கொல்லங்கோடு

பதில்: சரியன்று. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பது சுமைதான். ஆனால் வங்கி கடன் தரும்போது பத்திர விலையைப் பார்க்கும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலையாக அந்தக் குறைந்த தொகையே நிற்பதால் ஆதாய வரியும் கூடும். கொடுத்த மீதிப் பணத்துக்கோ உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.