கழிமுகத்தில் போட்ட கோடு

அன்புள்ள சார்,

தென்னாப்பிரிக்கக் கழிமுகங்களில் மீன்பிடிக்கத் தடை போட்டிருக்கும் பகுதிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு சந்தேகம். ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் மீன் ஓரிடத்தில் நிற்குமா? மேப்பில் கோடு போட்டால் மீனுக்குத் தெரியுமா? அதிகாரிகள் கணக்குக் காட்டத்தான் இதெல்லாம் என்று தோன்றுகிறது.
முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

மீனுக்குத் தெரியாதுதான். அதனால்தான் அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கிறார்கள்.

மீனை மயக்கி, வயிற்றைச் சின்னதாகக் கீறி, சுண்டுவிரல் அளவில் ஓர் ஒலிக்கருவியை வைத்துத் தைத்து விட்டுவிடுவார்கள். உப்புத்தண்ணீரில் ரேடியோ அலை எடுபடாது, ஒலி போகும். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண். ஆற்றில் ஆங்காங்கே நங்கூரமிட்ட ஒலிவாங்கிகள், எந்த எண் எப்போது பக்கத்தில் வந்தது என்று பதிந்துகொள்ளும். ஒரே ஒலிவாங்கியில் மாதக்கணக்கில் ஓர் எண் விடாமல் ஒலித்தால், பெரும்பாலும் மீன் செத்துக் கருவி சேற்றில் கிடக்கிறது. அதையும் ‘தடைப்பகுதியை விட்டு நகராத மீன்’ என்று சேர்த்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் கணக்குதான்!

கிரேட் ஃபிஷ் ஆற்றின் கழிமுகத்தில் ஸ்பாட்டட் கிரண்டர் என்ற மீனை இப்படிப் பார்த்தார்கள். கடல் ஏறும்போது ஆற்றுக்குள் மேலே போகிறது, வடியும்போது கீழே வருகிறது. இதற்குச் சின்னத் தடைப்பகுதியால் பெரிய பயனில்லை, உங்கள் சந்தேகம் நியாயம்தான்.

டஸ்கி காப் என்ற மீனின் கதை வேறு. நம் கத்தாழையின் குடும்பம். இளம் மீன்கள் கழிமுகத்தில் வளர்கின்றன, பெரும்பாலும் ஆற்றின் ஒரு பகுதியையே சுற்றிச் சுற்றி வருகின்றன. இது முட்டையிடும் பருவத்துக்கு வரும்போது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். கழிமுகத்தில் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவோ 60 செ.மீ. ஒருமுறைகூட முட்டையிடாத மீனைச் சட்டப்படியே கொண்டுபோகலாம்! முட்டையிடும் மீன்களின் இருப்பு பழைய நிலையில் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது என்று 1990களிலேயே மதிப்பிட்டார்கள். இந்த மீனுக்கு, அது வளரும் பகுதியை மூடினால் பலன் உண்டு.

ஆனால் ‘மீன் இத்தனை சதவீத நேரம் உள்ளே இருந்தது’ என்பதை மட்டும் காட்டி வெற்றி என்பதை நான் ஏற்கமாட்டேன். மிச்ச நேரம் எங்கே போனது, அங்கே எத்தனை தூண்டில் கிடந்தது என்றும் சொல்ல வேண்டும். யாருமே மீன் பிடிக்காத இடத்தில் கோடு போட்டுவிட்டு மார்தட்டுவது எளிது.

கிரண்டருக்கு, ஆளுக்கு நாளுக்கு இத்தனை மீன்தான் என்ற வரம்பைக் கறாராகப் பார்ப்பதே உருப்படியான வழி. அதற்கு ராத்திரியிலும் ரோந்து போக ஆள் போட வேண்டும்.