ரயில் ரசிகர்களுக்கு நீராவி எஞ்சின் மேல் இருக்கும் பிரியம் டீசல் எஞ்சின் மேல் ஏன் வருவதில்லை?

டீசல் மேல் பிரியமே வருவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈரோடு டீசல் ஷெட் பக்கம் வளர்ந்தவன் நான். ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரே ஸ்டேஷனில் இரண்டும் நின்றால் கூட்டம் கரி எஞ்சின் பக்கம்தான் போகும். நானும்தான்.

"பழசு மேல் ஏக்கம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தியாவில் பிராட்கேஜ் என்னும் அகலப் பாதையில் நீராவி எஞ்சின் இழுத்த கடைசி வழக்கமான ரயில் 1995 டிசம்பர் 6 அன்று ஜலந்தருக்கும் ஃபிரோஸ்பூருக்கும் நடுவே ஓடியது. ஊட்டி நீராவி ரயில் கிளம்பும் மேட்டுப்பாளையத்தில் இன்று கேமராவோடு நிற்கும் பையன்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. பார்க்காத காலத்துக்கு எப்படி ஏங்குவது?

என் கணக்கில் காரணம் வேறு. நீராவி எஞ்சின் தன் வேலையை வெளியே வைத்துச் செய்கிறது. சிலிண்டர், ராடு, சக்கரம் எல்லாம் கண்ணுக்கு எதிரே. இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் பிஸ்டன்களை நீராவி முன்னும் பின்னும் தள்ளும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கியில் நான்கு 'சுக்'. ஆக, காதில் விழுவது சக்கரம் சுற்றுவதன் கணக்கு. பாரத்தோடு கிளம்பும்போது ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவே நாமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். சக்கரம் வழுக்கினால் சத்தம் தடதடவென்று ஓடும், ரயில் அங்கேயே நிற்கும். என்ன நடக்கிறது என்று குழந்தைக்குக்கூடப் புரியும்.

டீசலில் இந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. நம் ரயில்வேயின் பெரிய டீசல் எஞ்சின்களில் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றும். அங்கிருந்து மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டார்களுக்குப் போகும். டிரைவர் வேகப்பிடியைக் கடைசிப் படியான எட்டாவது நாட்ச் வரை தள்ளினால் எஞ்சின் முழு வேகத்தில் அலறும், ரயிலோ அப்போதுதான் நகரத் தொடங்கியிருக்கும். வேலை எல்லாம் பெட்டிக்குள்ளே, மூடிய கதவுகளுக்குப் பின்னால்.

இதில் ஓட்டியவர்களின் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். என் பெரியப்பா விழுப்புரம் பக்கம் மீட்டர்கேஜில் ஃபயர்மேனாக இருந்தவர். நான் கரி எஞ்சின் அழகைப் பற்றி ஆரம்பித்தாலே, "உனக்கென்ன கண்ணு, நீ பார்க்கிறவன். அள்ளிப் போட்டவன் தோளைக் கேளு" என்பார். டீசல் வந்த பிறகுதான் வெளுத்த சட்டையோடு வேலைக்குப் போய் அதே நிறத்தில் திரும்ப முடிந்ததாம். நெருப்பு மூட்டிப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், வழியெல்லாம் தண்ணீர் பிடிக்க வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும், கொதிகலனை அவ்வப்போது கழுவ வேண்டும். இத்தனைக்கும் கரியில் இருக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்கு வந்து சேராது. டீசல் அதைப் போல மூன்று மடங்கு கொடுக்கும். ரயில்வே நீராவியைக் கைவிட்டதில் எந்தத் தப்பும் இல்லை.

சரி, ஊட்டி ரயிலுக்கு வருவோம். இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி, அங்கிருந்து ஊட்டிக்கு டீசல். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் வந்துவிடும். 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம் என்னும் அளவுக்குச் செங்குத்தான பாதை. எஞ்சின் பின்னால் நின்று தள்ளும், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைத்த எக்ஸ் வகை எஞ்சின் அது, நான்கு சிலிண்டர். சமதளத்தில் கீழே உள்ள இரண்டு மட்டும் வேலை செய்யும். பல்சட்டத்தில் ஏறியதும், கீழே வேலை செய்து முடித்த நீராவி மேலே உள்ள இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். கீழ் ராடுகள் ஒரு வேகத்தில் ஆடும், மேல் ராடுகள் வேறு வேகத்தில். இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனிடம் டீசலின் குதிரைத்திறனைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

(கரியை விட்டு எண்ணெயில் எரியும்படி மாற்றிய எக்ஸ் எஞ்சின்களைச் சில ரசிகர்கள் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. ஆனாலும் 2021இல் திருச்சி பொன்மலைப் பணிமனை கரியிலேயே ஓடும் புது எக்ஸ் எஞ்சினைக் கட்டி வெளியே விட்டபோது எனக்கும் தலைகால் புரியவில்லை.)

குன்னூரில் எஞ்சின் மாறும். மேட்டுப்பாளையத்திலிருந்து படம் பிடித்துக்கொண்டே வந்தவர்கள் கேமராவை உள்ளே வைத்துவிட்டு டீ தேடிப் போவார்கள். அப்போது ஒரு சின்னக் கூட்டம் மட்டும் டீசல் பக்கம் போகும். ஏனென்றால் அங்கே வந்து கோப்பது ஒய்டிஎம்-4 என்னும் மீட்டர்கேஜ் டீசல். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது.

டீசல் ரசிகர்கள் இந்தியாவில் உயிரை விடுவது இந்த ஆல்கோ குடும்பத்துக்குத்தான். அதில் பேர்பெற்ற பிள்ளை பிராட்கேஜின் டபிள்யூடிஎம்-2. 2600 குதிரைத்திறன், 1962இல் அமெரிக்காவிலிருந்து வந்து, பிறகு வாரணாசியில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. அது சும்மா நிற்கும்போது சீராகத் துடிக்காது, நொண்டி நொண்டித் துடிக்கும். வேகம் கொடுத்தால் எண்ணெய் உடனே பாய்ந்துவிடும், ஆனால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுழன்று காற்றைக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை பாதி எரிந்த எண்ணெய் கரும்புகையாக மரத்துக்கு மேலே எழும்பும். பின்னால் வந்த, இஎம்டி என்னும் இன்னொரு அமெரிக்கக் கம்பெனி வடிவமைத்த எஞ்சின்களில் தொடக்க வேகத்தில் டர்போவைப் பல்சக்கரமே சுற்றிவிடுவதால் அந்தப் புகை அவ்வளவாக இல்லை. பொறியியலில் அது மேல். ரசிகர்களிடம் எடுபடவில்லை. கஷ்டப்படுவதை மறைக்கத் தெரியாத டீசல் ஆல்கோதான். நீராவியை எதற்காகப் பிடிக்கிறதோ அதற்காகவே இதையும் பிடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், போகப்போகிறது என்று தெரிந்தால் பாசம் கூடிவிடும், அதையும் மறுக்க முடியாது. பிரிட்டனில் 1968 ஆகஸ்ட் 11 அன்று நீராவி யுகத்தின் கடைசி ரயில் லிவர்பூலிலிருந்து கிளம்பியபோது, டீசல் என்றாலே ரசிகர்களுக்கு வில்லன். லண்டன்–எடின்பரோ பாதையில் 55 நீராவி எஞ்சின்களின் வேலையைப் பறித்துக்கொண்டு வந்தவை 22 டெல்டிக் டீசல்கள். அந்த டெல்டிக்குகளே 1982 ஜனவரி 2 அன்று விடைபெற்றபோது வழியனுப்பக் கூட்டம் அலைமோதியது. இன்று ஆறு டெல்டிக்குகளை ரசிகர்கள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இங்கே ரயில் பாதைகளின் மின்மயம் முடியும் தருவாயில் ஆல்கோக்களுக்கும் அதே கதை. ஒன்று வருகிறது என்று தகவல் கிடைத்தால் வெயிலில் லெவல் கிராசிங்கில் போய் நிற்கிறோம்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால், மேட்டுப்பாளையத்தில் காலை ரயிலில் எஞ்சினை ஒட்டிய கடைசிப் பெட்டியில் இடம் பிடியுங்கள். குன்னூரில் டீக்குப் போகாமல் ஒய்டிஎம்-4 பக்கம் வாருங்கள். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், சீசனில் கிடைக்காது.