இன்டரப்ட் ஹேண்ட்லரில் ஐ2சி ரீட் செய்ய முடியவில்லை, வொர்க்கியூவில் போட்டால் போர்டு உறைகிறது. ஏன்?

கேள்வி சுருக்கமாக: லினக்ஸில் ஐ2சி (சிப்புகளை இணைக்கும் இரண்டு கம்பித் தொடர்பு) டச் கன்ட்ரோலருக்கு டிரைவர். இன்டரப்ட் (சிப் கவனம் கேட்கும் சிக்னல்) வந்ததும் ஓடும் ஹேண்ட்லருக்குள்ளேயே ரீட் செய்தால் ‘ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்’ (தூங்கக் கூடாத இடத்தில் தூங்கியது) என்ற பிழை. வேலையைப் பிறகு செய்ய வொர்க்கியூ வரிசையில் சேர்க்கும் ஷெட்யூல்_வொர்க் போட்டால் விரல் வைத்த உடனே போர்டு உறைகிறது. டிவைஸ் ட்ரீயில் (போர்டின் ஹார்டுவேர் விவரக் கோப்பு) ஃபாலிங் எட்ஜ் (லைன் ஹையிலிருந்து லோவுக்கு இறங்கும் விளிம்பு) என்று மாற்றினால் ஓடுகிறது, அப்படியே விடலாமா?

விடாதீர்கள்.

முதல் பிழை எளிது. ஐ2சி டிரான்ஸ்ஃபர் தூங்கக்கூடியது, ஹார்டு ஐஆர்க்யூவில் (இன்டரப்ட் வந்த உடனே ஹேண்ட்லர் ஓடும் நிலை) தூங்கக் கூடாது. தூங்காமல் சுற்றிக்கொண்டே படிக்கலாமே என்றால், 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைட்டுக்கு 9 கிளாக், அதாவது 22.5 மைக்ரோ செகண்ட். 30 பைட் டேட்டாவும் முகவரி, ரிஜிஸ்டருக்கு 3 பைட்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 0.75 மில்லி செகண்ட். ஹார்டு ஐஆர்க்யூவுக்கு அது மிக அதிகம்.

உறைவதற்குக் காரணம் லெவல் ட்ரிக்கர், அதாவது இன்டரப்ட் லைன் லோவில் இருக்கும் வரை இன்டரப்ட் வந்துகொண்டே இருக்கும் முறை. ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படிக்கும் வரை சிப் லைனை லோவிலேயே பிடித்திருக்கும். உங்கள் ஹேண்ட்லர் படிக்காமல் வேலையை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்புகிறது. லைன் இன்னும் லோ, அதனால் அடுத்த கணமே மறுபடி இன்டரப்ட். நான்கு கோர் இருந்தும் பயனில்லை, ஷெட்யூல்_வொர்க் அதே கோரின் வரிசையில்தான் வேலையைப் போடும். அந்தக் கோருக்கு வொர்க்கை ஓட்ட நேரமே கிடைக்காது.

கெர்னல் ஏன் எச்சரிக்கவில்லை? ஒவ்வொரு முறையும் ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் (கவனித்துவிட்டேன்) என்று திருப்பி அனுப்புகிறீர்களே! 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் ஐஆர்க்யூ_நன் (இது என்னுடையதல்ல) வந்தால்தான் ‘நோபடி கேர்ட்’ என்று சொல்லி லைனை மூடும். அந்தச் செய்தி தொல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு ஹேண்டில்ட் போடுவது, இருந்த ஒரே காவலையும் அனுப்பிவிடுவதுதான்.

சரியான வழி, தூங்க அனுமதி உள்ள தனி த்ரெடில் ரீடை ஓட்டுவது:

டெவ்எம்_ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ(டெவ், கிளையண்ட்->ஐஆர்க்யூ, நல், டச்_த்ரெட், ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட், "டச்", டிஎஸ்);

ஒன்ஷாட் கொடி இருந்தால், த்ரெட் முடியும் வரை லைன் மாஸ்க் ஆகியே (மூடியே) இருக்கும். ரீட், மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) எல்லாம் த்ரெடில் தாராளமாகச் செய்யலாம். ஹேண்ட்லரை நல் என்று கொடுத்துவிட்டு ஒன்ஷாட்டை மறந்தால், கெர்னல் பொதுவாக -22 (தவறான அளவுரு என்ற பிழை) தந்து மறுத்துவிடும். ட்ரிக்கர் வகையை டிரைவரில் எழுதாதீர்கள், டிவைஸ் ட்ரீயில் லெவல் லோ (எண் 8) இருக்கட்டும். டிரைவரில் எழுதினால் அதுதான் செல்லும், அடுத்த போர்டில் தலைவலி.

எட்ஜ் ஏன் கூடாது? டிரைவர் லோடாகும் முன்பே யாராவது திரையைத் தொட்டிருந்தால் லைன் ஏற்கெனவே லோ. இறங்கும் விளிம்பு போய்விட்டது, இனி வராது, டச் செத்துக் கிடக்கும். படித்துக்கொண்டிருக்கும்போதே புதுத் தொடுதல் வந்து லைன் ஹைக்குத் திரும்பாமல் போனாலும் இதே கதி. மேசையில் சோதிக்கும்போது இது பெரும்பாலும் மாட்டாது.

சஸ்பெண்டில் (போர்டு உறக்கத்துக்குப் போகும்போது) இன்னொரு பொறி. சிப்புக்குப் பவர் தரும் ரெகுலேட்டரை அணைத்ததும் பவர் போன சிப் லைனைக் கீழே இழுத்துவிடலாம். த்ரெட் ஓடும், ஐ2சி பிழை தரும், லைன் மாறாது, மறுபடி ஓடும். ஆகவே முதலில் டிஸேபிள்_ஐஆர்க்யூ, பிறகே பவர். டிஸேபிள்_ஐஆர்க்யூ, ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட் முடியக் காத்திருக்கும். த்ரெடுக்குத் தேவையான மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு இதைக் கூப்பிட்டால் டெட்லாக், இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும். ஹேண்ட்லருக்குள்ளிருந்தே அணைக்க வேண்டுமென்றால், காத்திருக்காத டிஸேபிள்_ஐஆர்க்யூ_நோசிங்க்.

மாற்றிய பின் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பை ஒரு விநாடி இடைவெளியில் இருமுறை பாருங்கள். திரையைத் தொடாதபோது உங்கள் வரியின் எண்ணிக்கை நகரவே கூடாது. நகர்ந்தால், சிப் எதிர்பார்க்கும் ஏதோ ஒரு ரிஜிஸ்டரை த்ரெட் இன்னும் படிக்கவில்லை அல்லது கிளியர் செய்யவில்லை. டேட்டாஷீட்டில் இன்டரப்ட் கிளியர் பகுதியைத் தேடுங்கள்.