குகை தேடி மலைக்குப் போகலாமா?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் அதிகாலையில் வான் வண்டியில் புறப்பட்டு, ரிட்டிகல மலைக் காட்டையும் அதன் குகைகளையும் பார்த்து, வழியில் சிகிரியாவிலும் ஏறி, அன்றிரவே வீடு திரும்ப எண்ணியுள்ளோம். மலையுச்சிவரை செல்லலாமா? குகைக்குள் நுழைய எவ்வகை விளக்குத் தேவை?
– வாசகர், கோப்பாய்

பதில்: சிகிரியாவை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். ஏ-9 வீதியில் வவுனியாவுக்கே ஏறக்குறைய 140 கிலோமீற்றர். அதன்பின் மதவாச்சி, மிகிந்தலை தாண்டி, மரதன்கடவலையில் ஹபரணை வீதிக்குத் திரும்பி ரிட்டிகலவை அடையும்போது ஐந்து மணித்தியாலம் வரை கழிந்திருக்கும். திரும்பிவரவும் அதே நேரம் வேண்டும்.

உச்சிக்கு ஏற முடியாது. 766 மீற்றர் உயரமான இம்மலை 1941 முதல் மிகக் கடுமையாகப் பாதுகாக்கப்படும் இயற்கை ஒதுக்கம். ஆய்வாளர்கள்கூட அனுமதி பெற்றே மேலே செல்ல வேண்டும். சுற்றிலும் உலர்ந்த சமவெளி கிடக்க, முகில் தங்கும் உச்சியில் மட்டும் ஈரவலயத்துக்குரிய செடிகொடிகள் வளர்கின்றன. அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து பறந்தபோது தவறிய துண்டே இது என்ற கதை அந்தப் பசுமையைக் கண்டுதான் பிறந்திருக்க வேண்டும். அடிவாரத்திலுள்ள பண்டா பொக்குண என்னும் பெரிய குளமும், காட்டினூடே ஏறும் கற்பாதையும், பண்டைய பௌத்தத் துறவிகளின் கல்மேடைகளும் அரை நாளுக்குத் தாராளமாகப் போதும்.

விளக்கைப் பற்றிக் கேட்டதிலிருந்து, இருண்டு நீளும் சுரங்கத்தை நீங்கள் எதிர்பார்ப்பது புரிகிறது. அங்கிருப்பவை பெரும்பாறைகளின் கீழமைந்த ஒதுக்கிடங்களே. பாறையில் வழியும் மழைநீர் உள்ளே வராதிருக்க, வாயிலின் மேல்விளிம்பில் புருவம்போல ஒரு காடி வெட்டியிருப்பார்கள். நீர் அதில் முறிந்து வெளியே சொட்டும். பிக்குகள் உலர்ந்த தரையில் தங்கியது அந்தக் காடியால்தான். சில குகைகளில் அதன் கீழே கி.மு. காலப் பிராமி எழுத்துகளும் உள்ளன. அவற்றைத் தேடிப் பாருங்கள், ஆனால் தொடாதீர்கள்.

நீர் குடைந்த குகைதான் வேண்டுமென்றால், கோப்பாய்க்காரரான நீங்கள் மலைக்குப் போக வேண்டியதே இல்லை. காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயு கலந்த மழைநீர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லை மெல்லக் கரைத்து, நிலத்தடியில் பொந்துகளை உண்டாக்குகிறது. அப்படியொரு பொந்தின் கூரை இடிந்து திறந்ததே புத்தூர்ப் பக்கமுள்ள நிலாவரைக் கிணறு. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக அது நிற்கிறது. இராமர் அம்பூன்றி உண்டாக்கியது என்பர் நம்மவர். இராமாயணம் இரண்டு இடத்தையும் விட்டுவைக்கவில்லை.

மாரியில் கற்பாதை வழுக்கும், அட்டையும் ஏறும். ஆதலால் மாசி, பங்குனியில் செல்லுங்கள். பாறைகளில் குளவிக்கூடும் தேன்கூடும் இருக்கலாம் என்பதால் கூச்சலும் புகையும் வாசனைத் திரவியமும் வேண்டாம். அப்பகுதியில் யானை நடமாட்டம் உண்டு; மாலை நான்கு மணிக்குள் வான் பிரதான வீதிக்கு வந்துவிட வேண்டும்.