நடக்கும் மனிதனின் பாதங்கள்

அன்புள்ள ஐயா,

போன வாரம் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் கார்னெகி அருங்காட்சியகத்தில் சுவிஸ் சிற்பி ஜாக்கோமெட்டியின் ‘நடக்கும் மனிதன்’ வெண்கலச் சிலையைப் பார்த்தேன். ஆள் உயரம், ஆனால் உடம்பு குச்சி. நாஜி வதைமுகாமிலிருந்து எழுந்து வந்த பட்டினி உடம்பு என்று பக்கத்தில் ஒருவர் தன் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இதன் இன்னொரு பிரதி ஆறரைக் கோடி பவுண்டுக்குப் போனதாமே? பிரதிக்கா இவ்வளவு விலை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விலைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 2010 பிப்ரவரியில் லண்டன் ஏலத்தில் போனது அது. ஒரு ஜெர்மன் வங்கியின் கையில் இருந்த சிலை. பிளாஸ்டர் உருவத்திலிருந்து வார்த்த ஆறில் இரண்டாவது. ஒரே நெகட்டிவில் போட்ட ஆறு படங்களில் எது அசல் என்று கேட்பதுபோலத்தான் இதுவும். மற்றதெல்லாம் பணக்காரர்கள் பாடு.

பட்டினி விஷயத்துக்கு வருகிறேன். ஜாக்கோமெட்டியின் 1948 நியூயார்க் கண்காட்சிக்கு எழுதிய கட்டுரையில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ரும் முகாமில் எலும்பும் தோலுமானவர்களை நினைவுபடுத்துகிறார். ஆனால் முதல் பார்வைக்கு மட்டும்தான் அப்படி என்று சொல்லி, உடனே அதைத் தாண்டிப் போய்விடுகிறார். விளக்குகிறவர்கள்தான் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஒல்லி வந்த வழி வேறு. ஒரு நள்ளிரவில் பாரிஸ் தெருவில் தூரத்தில் நின்ற தோழியைப் பார்த்தார் ஜாக்கோமெட்டி. அந்தத் தூரத்தோடு சேர்த்தே அவளைச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தார். உருவம் சிறுத்துக்கொண்டே போனது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெனீவாவில் செய்தவை தீப்பெட்டிக்குள் அடங்குமளவுக்கு வந்துவிட்டன. அப்புறம், உயரத்தை இனி விடுவதில்லை என்று பிடிவாதம் பிடித்தார். உயரம் நின்றது, அகலம் போனது.

இந்தச் சிலை 1960இல் செய்தது, 183 சென்டிமீட்டர். நியூயார்க்கில் ஒரு வங்கியின் முற்றத்துக்காகத் தொடங்கிய வேலை. அந்த ஊரை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. செய்வதும் உடைப்பதுமாக இருந்து, கடைசியில் சரிவரவில்லை என்று கைவிட்டார். அந்தத் தோல்வியில் மிஞ்சியவன்தான் நீங்கள் பார்த்த ஆள்.

பாதங்களைக் கவனித்தீர்களா? உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத கனம். சேற்றிலிருந்து பிடுங்குவதுபோலப் பின்குதிகால் மேலே எழும்புகிறது. அந்தக் குதிகாலிலிருந்து தலைவரை உடம்பு ஒரே கோடாக முன்னால் சாய்கிறது. பட்டினி கிடப்பவன் இப்படிச் சாய்ந்து நடப்பானா? எனக்குத் தோன்றவில்லை. 1938இல் ஒரு கார் ஜாக்கோமெட்டியின் பாதத்தில் ஏறி, அவர் வெகுநாள் நொண்டினார். வாழ்க்கையைக் கொண்டு சிலைக்கு உரை எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்தப் பாதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கார் ஞாபகம் வந்துவிடுகிறது.

நீங்கள் பக்கத்தில் போய் நின்றுதான் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் கட்டைவிரல் பதிந்த மேடுபள்ளம்தான் தெரியும். அடுத்த முறை அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். அங்கிருந்து அவன் ஒல்லியாகத் தெரிகிறானா என்று எழுதுங்கள்.