பதில் சொல்கிறேன்

கேள்வி: முதலாளித்துவம் வளர்ந்தால் சிறு விவசாயி காணாமல் போவான் என்றார்களே, இன்னும் இருக்கிறானே? (வாசகர், பல்லடம்)

பதில்: இருக்கிறான், வேலைதான் மாறிவிட்டது. உங்கள் ஊர் கறிக்கோழிப் பண்ணைகளையே பாருங்களேன். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், ராத்திரிக் கண்விழிப்பு விவசாயியுடையது. கிடைப்பது கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. என் சித்தப்பா பண்ணையில் சித்தியும் பையனும்தான் ஆட்கள்; அவர்களுக்கு யார் சம்பளம் போடுகிறார்?

ரஷ்யப் பொருளாதார அறிஞர் சயானோவ் 1920களிலேயே சொன்னார்: குடும்பப் பண்ணை தன் உழைப்பைக் கூலியாகக் கணக்குப் பார்ப்பதில்லை, அதனால் பெரிய பண்ணை நொடித்துப்போகும் விலையிலும் தாக்குப்பிடிக்கும். (அவரை 1937இல் சுட்டுக் கொன்றது முதலாளிகள் அல்ல, ஸ்டாலின் அரசு!) அப்படியிருக்க, நிலம் வாங்கி, ஆள் வைத்து நஷ்டப்பட கம்பெனிக்கு என்ன தலையெழுத்து?