நாலு ஸ்டிக் போட்டால் புளூ ஸ்கிரீன்: ரேமைக் கடையில் மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் சார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 7600, பி650 போர்டு. 16 ஜிபி ஸ்டிக் இரண்டு உள்ள டிடிஆர்5 6000 செட் ஒன்று வாங்கப் போய், விலை நன்றாக இருந்ததால் அதே மாடலில் இன்னொரு செட்டும் வாங்கிவிட்டேன், மொத்தம் 64 ஜிபி. முதல் தடவை ஆன் செய்தபோது ரொம்ப நேரம் திரையில் ஒன்றுமே வரவில்லை, பிறகு வந்தது. பயாஸில் எக்ஸ்போ (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) போட்டதிலிருந்து அடிக்கடி புளூ ஸ்கிரீன், பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால் சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டிருக்கிறது என்ற செய்தி). கடையில் கேட்டால் "விண்டோஸை மறுபடி போடுங்க" என்கிறார்கள். ரேமை மாற்றித் தரச் சொல்லலாமா? - திருப்பூர் வாசகர்

பதில்: முதலில், விண்டோஸை இப்போது தொடாதீர்கள். ரேம் தப்பும் தவறுமாக ஓடும்போது விண்டோஸ் போட்டால் புது ஃபைல்களே கெட்டுப்போகலாம், அப்புறம் எது ரேம் கோளாறு, எது விண்டோஸ் கோளாறு என்று பிரிக்கவே முடியாது. முதல் தடவை திரை இருட்டாக இருந்ததை விட்டுவிடுங்கள். டிடிஆர்5 போர்டுகள் ரேமுக்கு ஏற்ற அளவுகளைத் தாமே தேடிப் பிடிக்கும், அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், ஸ்டிக் அதிகமானால் நேரமும் அதிகம்.

உங்கள் ஸ்டிக் நாலும் நல்லவையாகவே இருக்கலாம் என்பது என் சந்தேகம். பெட்டியில் போட்டிருக்கும் 6000 ரேம் கம்பெனி சொல்லும் வேகம். அதை இயக்கும் மெமரி கண்ட்ரோலர் இருப்பதோ பிராசஸருக்குள். 7600-க்கு ஏஎம்டி சொல்லும் கணக்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு என்றால் வெறும் 3600. எக்ஸ்போ என்பதே ஓவர்கிளாக்தான், அதாவது இந்தக் கணக்கைத் தாண்டி ஓட்டுவது. இரண்டு ஸ்டிக்கில் 6000 பெரும்பாலும் ஓடிவிடும், நாலில் அது அதிர்ஷ்டம். போதாததற்கு, ஒரு செட்டில் உள்ள இரண்டையும்தான் சேர்த்துச் சோதித்து விற்கிறார்கள். அதே மாடல் நம்பர் போட்ட இன்னொரு செட்டில் வேறு சிப்பே இருக்கலாம்.

ஆனால் சந்தேகத்தை வைத்துக் கடைக்காரரிடம் பேச முடியாதே. பயாஸை அப்டேட் செய்து எக்ஸ்போவை ஆஃப் செய்யுங்கள், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஒரு பென்டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள், 64 ஜிபிக்கு நாலு சுற்று முடிய அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. எரர் இல்லையென்றால் ஒரு செட்டைக் கழற்றிவிட்டு, மற்றதைப் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டுகளில் (ஏ2, பி2) போட்டு, எக்ஸ்போவை ஆன் செய்து மறுபடி ஓட்டுங்கள். அடுத்த செட்டுக்கும் அதே. இரண்டு செட்டும் தனித்தனியாகப் பாஸ் ஆனால் ரேமில் கோளாறு இல்லை.

எக்ஸ்போ இல்லாமலே எரர் வந்தால் கதை வேறு. ஒவ்வொரு ஸ்டிக்காக ஏ2-வில் போட்டுப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு ஸ்டிக் மட்டும், ஸ்லாட் மாற்றினாலும் எரர் தந்தால் அது பழுது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் எரர் என்றால் போர்டைப் பாருங்கள். உங்கள் போர்டின் ஏஎம்5 வகையில் பிராசஸருக்கான பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்திருந்தாலும், கூலர் ஒரு பக்கமாக அழுந்தியிருந்தாலும் ரேம் கோளாறு மாதிரியே காட்டும்.

பழுது என்று தெரிந்தால் எரர் திரையை போனில் படம் எடுத்து, பில், பெட்டியோடு முழு செட்டையும் கொடுங்கள், ஒரு ஸ்டிக்கை மட்டும் மாற்றி வாங்கினால் ஜோடி சேராமல் போகலாம். கடை கைவிரித்தால் ரேம் பிராண்டின் வாரண்டி இருக்கிறது, அதுவும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் செட்டுகள் தனித்தனியாகப் பாஸ் ஆனால் "பழுது" என்று சண்டை போடாதீர்கள், அங்கே நியாயம் உங்கள் பக்கம் இல்லை. இரண்டு செட் விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அவ்வளவுதான். நயமாகப் பேசி, இரண்டையும் கொடுத்து 32 ஜிபி ஸ்டிக் இரண்டு உள்ள ஒரே செட்டாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கேம் மட்டும்தான் என்றால் 32 ஜிபியே தாராளம், ஒரு செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: ரைசன் 5 5600ஜி, 16 ஜிபி ஒரே ஸ்டிக். விண்டோஸில் 13.9 ஜிபி மட்டுமே பயன்படுத்தலாம் என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. அந்தப் பிராசஸரிலேயே இருக்கும் கிராபிக்ஸ், ரேமில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, பயாஸில் அந்த அளவைக் குறைக்கலாம். ஆனால் ஒரே ஸ்டிக் வாங்கியதுதான் இங்கே நஷ்டம். இரண்டு 8 ஜிபி போட்டிருந்தால் டூயல் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) ஓடி, கேமில் வேகம் நன்றாகவே கூடும். திருப்பித் தரும் கெடு முடியவில்லை என்றால் இன்றைக்கே மாற்றுங்கள்.